முதலில் நடைபாதை, அப்புறம் சாலை

பனி கொட்டிய மறுநாள் காலையில் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "வண்டி வந்துவிட்டதா?" பனி தள்ளும் வண்டி தெருவுக்குள் வந்து போய்விட்டால் கார் வைத்திருப்பவர்களுக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். எனக்கு அப்போதுதான் கவலை தொடங்கும். நான் கார் ஓட்டுவதில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். காலை முறை ஏழு மணிக்குத் தொடங்கும். ஆறு மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

நேரத்துக்குப் போவது எங்கள் வேலையில் வெறும் ஒழுங்குப் பிரச்சினை இல்லை. நான் போய்ச் சேரும்வரை இரவு முழுக்க நின்றவர் வீட்டுக்குப் போக முடியாது. படுக்கையிலிருந்து எழுப்ப, கழிப்பறைக்கு அழைத்துப்போக, காலை மாத்திரை கொடுக்க ஆள் வேண்டும். பனி நாளில் அலுவலகக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஒரு பாட்டியை வீட்டிலிருந்தபடி யாரும் குளிப்பாட்ட முடியாது. எங்களில் பெரும்பாலோர் பேருந்தில் வருகிறவர்கள். பேருந்தில் வருகிறவர் என்றால், இரண்டு முனையிலும் நடக்கிறவர் என்று அர்த்தம்.

எங்கள் தெரு முனையில் நடப்பதைச் சொல்கிறேன். நடைபாதைக்கென்று ஒரு சின்ன வண்டி இருக்கிறது. அது விடிவதற்கு முன்பே வந்து, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி எடுத்துவிட்டுப் போகும். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். அப்புறம் பெரிய சாலைக்கான லாரி வரும். அதன் முன்னால் உள்ள இரும்புத் தகடு சாய்வாக இருப்பதால், சாலையில் கிடக்கும் பனி முழுவதையும் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே போகும். அந்த ஓரத்தில்தான் நடைபாதை சாலையில் இறங்குகிற இடமும் இருக்கிறது. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் இறங்குவதற்காகச் சாய்வாக அமைத்த இடம். சின்ன வண்டி திறந்துவைத்த வழியைப் பெரிய வண்டி வரப்பு கட்டி மூடிவிட்டுப் போகிறது.

அந்த வரப்பு சாதாரணப் பனி இல்லை. வானத்திலிருந்து புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்குப் பெரும்பாலும் நூறு கிலோ அளவில்தான் இருக்கும். தகடு உருட்டி அமுக்கிய பனி அதே இடத்துக்குள் பல மடங்கு கனமாகிவிடும். அதில் உப்புத் தண்ணீரும் சேறும் சேர்ந்திருக்கும். ஓரிரு மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். எங்கள் முனையில் அது முழங்கால் உயரம் வரும். இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கிற இடத்தில் இடுப்பு உயரத்துக்கும் வந்திருக்கிறது. அதன்மேல் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். இறங்குகிற இடம் வண்டிகள் ஓடும் சாலை. அந்த நேரத்தில் இன்னும் இருட்டு.

பேருந்து நிறுத்தத்தில் இன்னும் மோசம். நடைபாதைக்கும் பேருந்துக் கதவுக்கும் நடுவில் நிறுத்தத்தின் முழு நீளத்துக்கும் வரப்பு நிற்கும். ஓட்டுநர்கள் நல்லவர்கள். வரப்பில் எங்காவது வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அந்த இடத்துக்கு நேராகக் கதவு வரும்படி நிறுத்துவார்கள். அப்படி ஒரு வெட்டும் இல்லாத நாட்களில் எல்லோரும் சாலையில் இறங்கி நின்றுதான் காத்திருக்கிறோம். வழுக்குகிற சாலையில், பிரேக் பிடித்தாலும் நிற்காத கார்கள் வருகிற பாதையில், கறுப்புக் கோட்டு போட்ட பத்துப் பேர் வரிசையாக நிற்கிறோம். இதைப் பார்த்தும் ஒருவருக்கும் பயம் வரவில்லையா என்று நான் ஒவ்வொரு குளிர்காலமும் நினைப்பதுண்டு.

எங்கள் கட்டடத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். கெட்டிக்காரர், கணக்குத் துறையில் வேலை. ஒருநாள் மின்தூக்கிக்காக நிற்கும்போது சொன்னார்: "பனி விழுறது எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை அக்கா. என் நாற்காலி கொஞ்சப் பனியில் போகும். வண்டி வந்து போனதுக்கு அப்புறம்தான் நான் வெளியே போக முடியாது." அவர் சொன்னதை நான் பலரிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். ஒரு நகரம் பணம் செலவழித்து, இரவெல்லாம் வண்டி ஓட்டி, அதன் முடிவில் ஒரு மனிதர் வீட்டுக்குள் அடைபட்டுப் போகிறார்.

நகராட்சிக்கு ஃபோன் செய்தேன். ஒரு முறை இல்லை, பல முறை. எடுத்துப் பேசுகிறவர்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். முகவரியைக் கேட்பார்கள், கணினியில் பார்ப்பார்கள், அப்புறம் சொல்வார்கள்: "உங்கள் பகுதி முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது." வண்டிகளில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. வண்டி அந்தத் தெருவைக் கடந்தால் வரைபடத்தில் அந்தக் கோடு நிறம் மாறிவிடும். நல்ல வசதிதான். ஆனால் அது சொல்வது வண்டி எங்கே போனது என்பதை மட்டுமே. வண்டி போன பிறகு தரை எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தகடு இறங்கியிருந்ததா, முனை திறந்திருக்கிறதா, நிறுத்தத்தில் ஆள் ஏற முடிகிறதா என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இல்லை. சாலை ஒருவர் பொறுப்பு, நடைபாதை இன்னொருவர் பொறுப்பு, பேருந்து நிறுத்தம் மூன்றாமவர் பொறுப்பு. மூன்று பேரும் தங்கள் வேலை முடிந்தது என்கிறார்கள். மூன்றும் சந்திக்கிற அந்த ஒரு மீட்டர் இடம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

லாரி ஓட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண் முன்னால் பனி சுழன்றடிக்க, தூக்கம் கெட்டு, நிறுத்திவைத்த கார்களுக்கு நடுவே அந்தப் பெரிய தகட்டை ஓட்டுவது சுலபமான வேலை இல்லை. பனி பெய்யும்போது சாலையோரம் காரை நிறுத்தக்கூடாது என்று சொல்லியும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கார்கள் நிற்பதால் லாரிக்காரரால் பாதி அகலம்கூட தள்ள முடியாமல் போகிறது. ஓட்டுநர் தனக்குக் கொடுத்த தாளில் உள்ள வரிசைப்படி போகிறார். என் கேள்வி அந்த வரிசையை எழுதியவர்களுக்கு.

அந்த வரிசை எப்படி எழுதப்படுகிறது என்பதற்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாண விதிமுறை ஒரு நல்ல உதாரணம். அங்கே நகராட்சிச் சாலைகளுக்குக் குறைந்தபட்சப் பராமரிப்புத் தரம் என்று ஒன்று உண்டு. சாலைகளை, ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையையும் வேகத்தையும் வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். முதல் வகைச் சாலையில் பனி 2.5 செ.மீ. சேர்ந்தால் 4 மணி நேரத்துக்குள் குறைக்க வேண்டும். ஐந்தாம் வகை, அதாவது சின்னத் தெருக்கள்: 10 செ.மீ., 24 மணி நேரம். நடைபாதைக்கு எவ்வளவு தெரியுமா? 8 செ.மீ., 48 மணி நேரம். அந்தக் கணக்கும் பனி பெய்து நின்ற பிறகுதான் தொடங்கும். எட்டு சென்டிமீட்டர் பனியில் கார் போய்விடும். ஊன்றுகோலோடு நடக்கிறவர் போக முடியாது. ஆனாலும் கூடுதல் நேரம் நடக்கிறவருக்குத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இன்னொரு விதம்: நடைபாதையை அந்தந்த வீட்டுக்காரரே சுத்தம் செய்ய வேண்டும். நல்ல மனிதர் வீட்டு முன்னால் தரை தெரியும், அடுத்த வீட்டுக்காரர் ஊரில் இல்லையென்றால் அங்கே பனிக்குவியல். காருக்கு மட்டும் தொடர்ச்சியான பாதை. நடக்கிறவருக்குத் துண்டு துண்டாக.

இதையெல்லாம் மாற்ற முடியாது என்று நினைக்கத் தேவையில்லை. பனி தள்ளுவதில் அரசியல்வாதிகளுக்குப் பயம் உண்டு, காரணமும் உண்டு. 1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் பெரும்பனி பெய்தபோது குவீன்ஸ் பகுதித் தெருக்கள் நாள்கணக்கில் அப்படியே கிடந்தன. 42 பேர் இறந்தார்கள். பார்க்கப் போன மேயர் ஜான் லிண்ட்சேயை மக்கள் கூச்சலிட்டு விரட்டினார்கள். 1979 ஜனவரியில் சிகாகோவில் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அங்கே சாலைகள் அடைபட்டதோடு நிற்கவில்லை. ரயில்களை விரைவாக ஓட்டவேண்டும் என்று சில நிலையங்களில் நிறுத்தாமல் போனார்கள். அப்படி விடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் நிலையங்கள். வேலைக்குப் போக நின்றவர்கள் கண் முன்னாலேயே ரயில் நிற்காமல் போனது. அடுத்த மாதமே கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் மேயர் மைக்கேல் பிலாண்டிக் தோற்றார். ஜேன் பைர்ன் அந்த நகரத்தின் முதல் பெண் மேயர் ஆனார். பனி எல்லோர் மேலும் ஒரே மாதிரிதான் விழுகிறது. யாரை முதலில் மீட்பது என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். முதலில் மீட்கப்படாதவர்களுக்கு அது நினைவில் நிற்கும்.

ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்று ஒரு சிறிய நகரம். தங்கள் வேலைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பயன்படுகின்றனவா என்று நகராட்சி ஆராயத் தொடங்கியது. பனி தள்ளுவதில் அப்படி என்ன இருக்கப்போகிறது என்று முதலில் கேட்டிருக்கிறார்கள். பார்த்தால், முதலில் சுத்தமானவை எல்லாம் பெரிய சாலைகள். அவற்றில் கார் ஓட்டிப் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். கடைசியில் விடப்பட்டவை நடைபாதைகளும் மிதிவண்டிப் பாதைகளும். அவற்றில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டு, பேருந்து பிடித்து, வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் அதிகம். வரிசையை மாற்றினார்கள். காப்பகங்களுக்குப் போகிற வழிகள், நடைபாதைகள், பேருந்து நிறுத்தங்கள் முதலில். பெரிய சாலைகள் அப்புறம். கூடுதல் செலவு ஆகவில்லை. பத்து சென்டிமீட்டர் பனியில் கார் ஓட்டுவதைவிடக் குழந்தை வண்டி தள்ளுவது கஷ்டம் என்பது யாருக்கும் புரியக்கூடிய விஷயம்தானே.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் சொல்கிறேன். ஸ்டாக்ஹோமும் இந்த முறைக்கு வந்தது. 2016 நவம்பரில் ஒரே நாளில் சுமார் 40 செ.மீ. பனி கொட்டி நகரமே நின்றுவிட்டது. பேருந்துகள் ஓடவில்லை. பெண்களுக்காகப் பனி தள்ளப்போய் இப்படி ஆனது என்று கேலி செய்தார்கள். இன்றுவரை அந்தச் சம்பவத்தைச் சொல்லி வாயடைக்கிறவர்களை நான் சந்திக்கிறேன். ஆனால் நவம்பரில் அந்த நகரத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படிப் பனி விழுந்ததே இல்லை. அவ்வளவு பனி அவ்வளவு வேகமாக விழுந்தால் எந்த வரிசையில் தள்ளினாலும் ஊர் ஒருநாள் நிற்கும். சாலையை முதலில் தள்ளும் ஊர்களும் அப்படி நின்றிருக்கின்றன. 1999 ஜனவரியில் டொராண்டோவின் மேயர் ராணுவத்தையே அழைத்தார்.

சரி, எங்கள் தெருவுக்கு வருகிறேன். எதிர் வீட்டு அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. கார் வைத்திருக்கிறார், சாலை முதலில் சுத்தமாவதால் அவருக்கு லாபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரும் நொந்துபோயிருக்கிறார். காலையில் ஷவலை எடுத்து வீட்டு வாசலிலிருந்து தெருவரை பனியை அள்ளி முடிப்பார். உள்ளே போய்க் கையைச் சூடாக்கிக்கொண்டு வருவதற்குள் லாரி வந்து, வாசலுக்குக் குறுக்கே அதே வரப்பைக் கட்டிவிட்டுப் போயிருக்கும். அதை இரண்டாம் முறை அள்ள வேண்டும். இந்த முறை கனமான பனி. அவர் இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. 20 செ.மீ. பனி விழுந்த மறுநாள், பனி விழாத நாளோடு ஒப்பிட்டால், ஆண்கள் மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்வது 16 சதவீதமும், மாரடைப்பால் இறப்பது 34 சதவீதமும் கூடுதல் என்று அதில் இருக்கிறது. பெண்களிடம் அப்படித் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. பனி அள்ளுவதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இதை நான் அண்ணனின் மனைவியிடம் சொன்னேன். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் அந்த வரப்பை அள்ளிக் கொடுக்கிறார்கள். நல்ல பையன்கள். ஆனால் அக்கம்பக்கத்தில் அப்படிப் பையன்கள் இல்லாத வயதானவர்கள் என்ன செய்வார்கள்? சில நகரங்களில் பெரிய வண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன வண்டி வந்து வாசல்களைத் திறந்துவிட்டுப் போகிறது. செய்ய முடிகிற வேலைதான்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. "உப்புப் போட்டோமே" என்பது எனக்கு அடிக்கடி கிடைக்கிற பதில். சாதாரண உப்பு தரையின் வெப்பநிலை மைனஸ் 9 டிகிரியைத் தாண்டி இறங்கினால் பயனுள்ள வேகத்தில் பனியைக் கரைக்காது. மைனஸ் பதினைந்தில் நடைபாதையில் கொட்டிய உப்பு, கல் மாதிரி அப்படியே கிடக்கும். அந்தக் குளிருக்கு மணல் தூவுவதுதான் உதவும். கரைக்காவிட்டாலும் காலுக்குப் பிடிப்பாவது கிடைக்கும். கால்சியம் குளோரைடு இன்னும் குறைந்த வெப்பநிலையிலும் வேலை செய்யும், விலை அதிகம். உப்பை அள்ளிக் கொட்டுவதால் வேறு கேடும் உண்டு. ஒரு தேக்கரண்டி உப்பு 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் தண்ணீரை நிரந்தரமாகக் கெடுக்கும் என்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டுத் துறை மக்களுக்குச் சொல்லிவருகிறது. உப்பு கரைந்து ஏரிக்குப் போன குளோரைடைத் திரும்ப எடுக்க எளிய வழி இல்லை. பனியை ஒழுங்காகத் தள்ளினால் உப்பு குறைவாகப் போதும். தள்ளாமல் விட்டதை உப்பால் சரிக்கட்டப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டது பனி பெய்த நாளில் இல்லை. பெய்து சில நாள் கழித்து, நல்ல வெயில் அடித்த நாளின் மாலையில். நடைபாதை ஓரத்தில் குவித்துவைத்த பனி பகலில் உருகி நடைபாதைக்குக் குறுக்கே ஓடுகிறது. சூரியன் இறங்கியதும் அது மெல்லிய ஐஸாக உறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஈரத் தரை மாதிரிதான் இருக்கும். பனி பெய்யாத நாட்களில் வண்டிகள் வருவதில்லை. ஆனால் ஆட்கள் அதிகம் விழுவது அந்த நாட்களில்தான் என்று எங்கள் இல்லத்தில் வேலை செய்யும் எல்லோரும் சொல்வார்கள். எலும்பு முறிந்து வந்து, திரும்ப நடக்காமலே எங்களிடம் தங்கிவிட்டவர்களை நான் கவனித்துக்கொள்கிறேன். எண்பது வயதில் இடுப்பெலும்பு உடைவது என்பது என்னவென்று எனக்குத் தெரியும். பனி தள்ளும் செலவு என்று கணக்குப் போடும்போது அந்த ஆஸ்பத்திரிச் செலவை யாரும் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதில்லை. கூட்டங்களில் நான் வாயைத் திறந்தால் முதலில் கேட்பது இதைத்தான்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரம் மாதிரி பனியை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோய்க் கொட்டும் ஏற்பாடு எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது என்பது புரிகிறது. அங்கே ஒரு பழைய கல்குவாரியே பனி கொட்டுவதற்காக இருக்கிறது. சைரன் ஒலித்து, நிறுத்திய கார்களை இழுத்துப்போட்டுவிட்டு, சாலையோடு நடைபாதையையும் சேர்த்துச் சுத்தம் செய்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹாலண்ட் என்ற சிறு நகரம், மின் நிலையத்தில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டு 1988 முதல் நகர மையத்தின் நடைபாதைகளைச் சூடாக்கி வருகிறது. நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை.

நாங்கள் என்று சொல்வது எங்கள் கட்டடத்துக்காரர்கள், தெருக்காரர்கள், இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் சிலர். எங்கள் பகுதிக் கவுன்சிலரைப் பார்த்துப் பேசினோம். பெரிய லாரி போன பிறகு சின்ன வண்டி வரவேண்டும், அல்லது முனைகளைத் திறக்க அது மறுபடி ஒருமுறை வரவேண்டும். பேருந்து நிறுத்தமும் அதை ஒட்டிய கடக்கும் இடமும் ஒரே ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும். மருத்துவமனை, முதியோர் இல்லம், பள்ளி ஆகியவற்றின் அருகிலுள்ள நிறுத்தங்கள் காலை ஐந்தரைக்குள் முடிய வேண்டும். 'முடிந்தது' என்று பதிவதற்கு முன் யாராவது ஒரு முனையையாவது போய்ப் பார்க்க வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டார். இப்போதைய ஒப்பந்தத்தில் வேலை வரிசை எழுதப்பட்டுவிட்டதால் நடுவில் மாற்றுவது கடினம், புதிய ஒப்பந்தம் எழுதும்போது சேர்க்கலாம் என்றார். அதற்கான பொதுக்கூட்டம் பனி உருகிய பிறகு நடக்கும்.

அங்கேதான் சிக்கல். பனி உருகியதும் எல்லோருக்கும் மறந்துவிடுகிறது, கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. அதனால் இப்போதே படம் எடுத்து வையுங்கள். முனை அடைபட்டிருந்தால் எடுங்கள், நிறுத்தத்தில் சாலையில் நிற்க வேண்டியிருந்தால் எடுங்கள். தெருப் பெயர்ப் பலகையும் தெரிய வேண்டும், எடுத்த நேரமும் தெரிய வேண்டும். வரைபடத்தில் அந்தத் தெரு 'முடிந்தது' என்று காட்டினால் அந்தத் திரையையும் சேர்த்து எடுங்கள். எனக்கு அனுப்புங்கள், நான் தெருவாரியாகத் தொகுத்து வைக்கிறேன். கூட்டத்துக்கு நான் நிச்சயம் போவேன். காலை முறை இருந்தால் யாரிடமாவது மாற்றிக்கொள்வேன். நீங்களும் வாருங்கள்.